ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஓவியம் வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

பெருந்துறைப் பக்கம் ஓர் ஓவியர் வீட்டில் விற்பனைக்கு இருக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. ஆறடி உயரம், ஒன்பதடி அகலம், கேன்வாஸில் அக்ரிலிக். அரிச்சந்திரா நாடகத்துக்கு வேஷம் கட்டும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாம் நவீன பாணியில் கோணல்மாணலாக நிற்கிறார்கள். விலை 2 லட்சம். நண்பர்கள் ஐந்து பேருக்குமே ஆசை, தனியாக வாங்க யாருக்கும் தெம்பில்லை. மயான காண்டத்துக்காரங்களை நடுவீட்டில் மாட்டுவதா என்கிறார்கள் வீட்டில். வாங்கலாங்களா? பின்னால் விலை ஏறுமா? போட்டோ இணைத்திருக்கிறேன்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

வாங்குங்கள். ஐந்து பேரும் சேர்ந்தே வாங்குங்கள்.

1904-ல் பாரிஸில் ஆந்த்ரே லெவல் என்பவர் நண்பர்களைச் சேர்த்து, ஆளுக்கு வருஷம் 250 பிராங்க் என்று நம்மூர் சீட்டு மாதிரி பணம் போட்டு, அன்றைக்குப் பெரிதாக விலைபோகாத இளம் ஓவியர்களின் படங்களாக வாங்கினார். படங்கள் உறுப்பினர்கள் வீடுகளில்தான் தொங்கின. அப்படி 1,000 பிராங்குக்கு வாங்கியதுதான் பிக்காசோ 1905-ல் வரைந்த நாடோடி சர்க்கஸ்காரர்கள் படம். அதுவும் ஏழடிக்கு ஏழரை அடி. ஆறு பேர், மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதுமில்லை. 1914-ல் ஏலம் விட்டபோது 11,500 பிராங்குக்குப் போனது. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஓவியர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அதற்காக விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். ஏறவே இல்லையென்றாலும் இது வீட்டில் இருக்க வேண்டிய படம். உங்கள் போட்டோவில் அந்த ஸ்திரீபார்ட்டைப் பாருங்கள், உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு புருவம் எழுதுகிறார், பாதி முகத்துக்குத்தான் அரிதாரம் ஏறியிருக்கிறது, மீதிப் பாதியில் மழித்த ஆண் தாடை பச்சையாகத் தெரிகிறது. அந்த ஒரு தாடைக்கே நான் பங்கு போடுவேன். மயான காண்டம் என்று வீட்டில் பயப்படுகிறவர்களிடம், மாரியம்மன் நோம்பிக்கு ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற நாடகம்தானே என்று சொல்லுங்கள். தவிர, இந்தப் படத்தில் மயானமே இல்லை, வேலைக்குக் கிளம்புகிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

விலையைக் குறைத்துப் பேச வேண்டாம். ஐம்பத்துநாலு சதுர அடியை ஒரு மனுஷன் கையால் நிரப்பியிருக்கிறார். முடியாவிட்டால் இரண்டு தவணை கேளுங்கள்.

அப்புறம், முதலில் வாசற்படியை அளந்துவிடுங்கள். நுழையாது என்றால் ஓவியரையே சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லி, வர்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி பெரிய குழாயில் சுற்றிக் கொண்டுவரலாம். உள்பக்கமாகச் சுற்றினால் வர்ணம் நெருக்குண்டு வெடிக்கும். வெயிலில் அக்ரிலிக் இளகும், அதனால் பிளாஸ்டிக் தாள் நேராக மேலே படவே கூடாது. மேற்கு வெயில் விழும் சுவரும் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். யார் வீட்டில் எத்தனை மாதம் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், ரசீதில் ஐந்து பேர் பெயரும் இருக்கட்டும். என்றைக்காவது விற்றால் ஓவியருக்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.