பணியாளரின் உடல்நலமும் மன அழுத்தமும் பணியிடப் பாதுகாப்பை எவ்வாறு பாதிக்கின்றன?

பணியிடப் பாதுகாப்பு என்பது வேலை செய்யும் இடத்தில் காயமோ நோயோ உயிரிழப்போ நேராமல் தடுக்கும் ஏற்பாடுகள் அனைத்தையும் குறிக்கும். தலைக்கவசமும் கையுறையுமே பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தாலும், அவற்றை அணிந்திருக்கும் மனிதரின் உடல்நிலையும் மனநிலையும் அந்த ஏற்பாட்டில் அடங்கும்.

நமது கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. கடன், குடும்பப் பிரச்சினை, மேலாளரின் நெருக்குதல் ஆகியவை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் கையிலுள்ள வேலைக்கு மிச்சம்தான் கிடைக்கும். பின்னணியில் பல செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசி, புதிதாக ஒன்றைத் திறந்ததும் திணறுவதைப் போன்றது இது. அறுக்கும் இயந்திரத்தில் சிக்கிய துண்டை எடுப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதை நன்கறிந்த தொழிலாளியே, அன்றைய இலக்கை முடிக்கும் பதற்றத்தில் அதைச் செய்யாமல் கையை நீட்டிவிடுகிறார். இதைக் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடும் விசாரணை அரைகுறையானது. அவர் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார் என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

ஏனெனில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. காய்ச்சல், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை (அதன் அட்டையிலுள்ள எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?) ஆகியவையும் எதிர்வினையைத் தாமதப்படுத்தும்.

களைப்பு எல்லை மீறினால் தனக்கே தெரிந்துவிடும் எனப் பலரும் நம்புவது தவறு. உறக்கம் குறையும்போது தன் நிலையை எடைபோடும் திறனும் சேர்ந்தே குறைகிறது.