சூடம் அணைத்துச் செய்த சத்தியம் ஓட்டுப் போடும் கையைக் கட்டுமா?

கேள்வி: போன சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் தெருக் கட்சிக்காரர் ஓட்டுக்கு ஆயிரம் என்று வீட்டுக்கு மூவாயிரம் கொடுத்தார். வாங்கியவுடன் தட்டில் சூடம் ஏற்றி, என் மகன் தலையில் கை வைத்து, கருப்பசாமி மேல் ஆணையாக அவர் ஆளுக்கே போடுவோம் என்று சூடத்தை அணைக்கச் சொன்னார். அந்த வேட்பாளரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இருந்தாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவருக்கே போட்டேன். இன்றுவரை மனசு உறுத்துகிறது. இந்த முறையும் வருவார். யார் மாற்றிப் போட்டாலும் மிஷினில் தெரிந்துவிடும் என்கிறார். கண் சரியாகத் தெரியாத என் மாமியாரைத் தானே கூட்டிப்போய்ப் போடவைப்பதாகவும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சாமி, மிஷின், மாமியார் என்று மூன்று கவலை எழுதியிருக்கிறீர்கள். நான் தேர்தல் வழக்கு நடத்துகிற வக்கீல். பின்னால் சொன்ன இரண்டுக்கும் முழுப் பதில் தருவேன். சாமி விஷயத்தில் எனக்குப் பாதி அதிகாரம்தான், ஆனால் உங்களுக்கு அவசரமாக வேண்டியது அதுதான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது.

சட்டத்தில் இதற்கு நேரான வாசகமே இருக்கிறது. 1920-இல் வெள்ளைக்காரர் காலத்தில் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆவது பிரிவாக வந்திருக்கிறது. வாக்காளரோ அவருக்கு வேண்டியவரோ தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவார் என்று நம்பவைத்து ஓட்டைத் திருப்பப் பார்ப்பது குற்றம். ‘அவருக்கு வேண்டியவரோ’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகன் தலையில் கை வைக்கச் சொன்னது அந்த வார்த்தைக்குள் அப்படியே வந்துவிடும். சூடம் ஏற்றுகிற ஆள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறான், அதனால்தான் நூறு வருடத்துக்கு முன்பே இதை எழுதிவைத்தார்கள்.

சரி, சட்டம் கட்டாது, சாமி? அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய மூடிய கதவு முன்னால் பங்காளிச் சண்டையும் கொடுக்கல் வாங்கலும் ஒரு சத்தியத்தில் தீர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். கோர்ட்டே ஒரு காலத்தில் அதை மதித்தது. 1873-ஆம் வருடத்துச் சட்டப்படி, எதிராளி இந்தச் சாமி முன் சத்தியம் செய்தால் வழக்கை விட்டுவிடுகிறேன் என்று சொல்லலாம், அந்தச் சத்தியத்தோடு விஷயம் முடிந்துவிடும். 1969-இல் வந்த புதுச் சட்டம்தான் அதை எடுத்துவிட்டது. ஆனால் கருப்பன் முன்னால் போகிறவர்கள் எதற்குச் சத்தியம் செய்கிறார்கள்? நான் எடுக்கவில்லை, நான் கடனை அடைத்துவிட்டேன் என்று, நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி. காசு வாங்கிக்கொண்டு ஒரு தப்புக்கு உடந்தையாக இருக்கிறேன் என்று யாரும் அங்கே போய்ச் சொன்னதில்லை. கருப்பன் ஊர்க்காவல் தெய்வம். காவல்காரரைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டுத் திருட்டுக்கு ஒப்பந்தம் போட்டால் அவருக்குக் கோபம் யார் மேல் வரும்?

மற்ற மதங்களிலும் இதே கதைதான். விருந்தில் எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கை மீறக் கூசி யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்ன ஏரோதை எந்தப் பாதிரியாரும் வாக்குத் தவறாதவன் என்று புகழ்வதில்லை. இஸ்லாத்தில் சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு என்று பரிகாரமே சொல்லப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருப்பசாமிக்கு அப்படி எழுதிவைத்த கணக்கு கிடையாது என்பதால், நடுவில் ஒரு ஆள் முளைப்பார். ‘சத்தியத்தைக் கழித்துத் தருகிறேன், ஒரு கிடாயும் ஐயாயிரமும் ஆகும்’ என்பார். கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா ஓட்டுக்கு வாங்கியது ஆயிரம், கழிப்புக்குக் கொடுத்தது நாலாயிரம். விசாரித்தால், கழித்துக்கொடுத்தவர் பணம் கொடுத்தவருக்கு மச்சான்! மனசு கேட்கவில்லை என்றால் நீங்களே குலதெய்வத்திடம் போய் நடந்ததைச் சொல்லி ஒரு விளக்குப் போடுங்கள், போதும். எண்ணெய் செலவு பத்து ரூபாய்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் சட்டப்படி குற்றவாளி, ஒரு வருடம் வரை சிறை. உண்டியலில் போட்டுவிட்டேன் என்றாலும் வாங்கியது வாங்கியதுதான். அதனால் இந்த முறை ஆள் வரும்போது கதவிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கினால்தான் தட்டு வெளியே வரும், வாங்காதவரிடம் யாரும் சூடம் ஏற்றுவதில்லை. தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற போன் எண்ணிலோ அவர்களுடைய சி-விஜில் செயலியிலோ புகார் சொல்லலாம். ஆனால் இதில் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர், வேலூர் என்று பணத்தால் தேர்தலையே நிறுத்தியும் சட்டத்தை இந்த லட்சணத்தில்தான் வைத்திருக்கிறார்கள். வேட்பாளர் தரப்பு தெய்வத்தைச் சொல்லி மிரட்டியதை நிரூபித்தால் அவர் வெற்றியே செல்லாது, 45 நாளைக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். போகலாம், ஆனால் மும்பை சாந்தாக்ரூஸில் 1990-இல் நடந்த தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்ட வழக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன்னால் வந்து சட்டக் கேள்விக்குப் பதில் கிடைத்தது 2017-இல். தேர்தல் அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு அப்போது கிட்டத்தட்ட 27 வயது.

மதத் தலைவர் சொன்னால் கேட்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கேட்கலாம். பாதிரியாரோ ஜமாஅத் தலைவரோ மடாதிபதியோ இவர் நல்லவர் என்று அபிப்பிராயம் சொல்லலாம், போட்டே ஆகவேண்டும் என்று கட்டளை போடக்கூடாது. பஞ்சாபில் நாம்தாரி என்ற சீக்கியப் பிரிவின் சத்குரு போட்ட கட்டளைக்காக ஒரு வெற்றியை ரத்து செய்தது சரி என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே சொல்லிவிட்டது. உங்கள் பக்தியால் நீங்களாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அடுத்து மிஷின். நீங்கள் பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம், அவ்வளவுதான். உங்கள் பெயர் அதில் இல்லை, மிஷினுக்கும் தெரியாது. அப்புறம் சீட்டு பெட்டிக்குள் விழுந்துவிடும்.

ஆனால் அந்த ஆள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. எண்ணிக்கை முடிந்ததும் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று தனித்தனியாக வெளியிடுகிறார்கள். ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர், அதாவது நாலைந்து தெரு. ‘உங்க ஏரியாவுல விழலையே’ என்று மேலிடம் அவரைக் கேட்கும். அவர் சூடம் ஏற்றுவது உங்கள் பக்தியை நம்பி அல்ல, தன் கணக்கை நேர் செய்ய. பல சாவடி மிஷின்களைச் சேர்த்து எண்ணுகிற ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-இல் ஆமோதித்தது. இன்னும் வரவில்லை. சாவடிக் கணக்கு கட்சிகளுக்கு வேண்டியிருக்கிறது, பிறகு எப்படி வரும்? இருந்தாலும் தெருக்கணக்கில் உங்கள் ஒரு ஓட்டைப் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

நோட்டாவில் போட்டால் சாமிக்கும் சரி மனசுக்கும் சரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்குப் போடுவேன் என்றுதானே சத்தியம்? நோட்டாவும் அதை மீறுவதுதான்.

கடைசியாக மாமியார். ஓட்டு ரகசியம் என்ற விதிக்கு உள்ள விலக்கு இது, தரகர்கள் நுழைகிற சந்தும் இதுதான். கண் தெரியாமலோ உடல் முடியாமலோ சின்னத்தை அடையாளம் காணவோ பட்டனை அழுத்தவோ முடியாதவர் ஒரு துணையாளை மறைவிடத்துக்குள் அழைத்துப்போகலாம். படிக்கத் தெரியாது என்பதற்காக முடியாது. சின்னம் தெரிகிறது, நடக்கத்தான் முடியவில்லை என்றால் துணையாள் மறைவிடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். முடிவு செய்வது தலைமை வாக்குச்சாவடி அலுவலர். துணையாளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்கு மட்டும்தான் துணை போகலாம், அப்படித்தான் என்று உறுதிமொழியில் கையெழுத்தும் போட வேண்டும். அலுவலர் அதை 14-ஏ படிவத்தில் குறித்துக்கொள்வார். உங்கள் தெருக்காரர் காலை ஏழு மணியிலிருந்து பாட்டிகளை வரிசையாகக் கூட்டிவருவார், ‘எங்க சித்திதான் சார்’ என்பார். இரண்டாவது சித்தி வரும்போதே நீங்கள் அலுவலரிடம் எழுந்து சொல்லலாம், படிவத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

அதைவிட நல்லது, துணையாள் யார் என்பதை மாமியாரே சொல்வது. ‘என் மருமகதான் வரணும்’ என்று அலுவலர் காதில் விழும்படி அவர் ஒரு தடவை சொன்னால் போதும். அப்படி நீங்கள் உள்ளே போனால் இன்னொன்றும் உண்டு. மாமியார் அந்தச் சூடத்துக்குப் பயந்து பழைய ஆளுக்கே போடச் சொன்னால், அவர் சொன்ன பட்டனைத்தான் நீங்கள் அழுத்த வேண்டும். அதை வெளியே வந்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக்கூடாது.