மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வசதி கேட்பது சலுகையா, உரிமையா?

"எல்லாரும் சமம் என்கிறீர்கள், அப்புறம் எதற்குத் தனி வசதி?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கட்டும் ஒரு வசதிதான். நடக்க முடிந்தவர்களுக்காகச் செலவு செய்து கட்டியது. அதை யாரும் சலுகை என்பதில்லை.

ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை தெளிவாகவே சொல்கிறது: ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான்.

பெயருக்குச் செய்தாலும் போதாது. சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு 1:12. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லை என்று பாதி நீளத்தில் கட்டிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கை வலிக்க உந்துவார், முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும், பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்று பயந்து பாதியிலேயே நின்றுவிடுவார். கட்டுவதற்கு முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்' என்று மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தினர் பல ஆண்டுகளாகச் சொல்வது அதைத்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கூட்டம் நடத்தினால் அழைப்பிலேயே "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்று கேளுங்கள். அப்புறம், மாற்றுத்திறனாளியுடன் கூட வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.