மாமாவின் கொப்பியையும் கொண்டு வாங்க

போன கிழமை திருகோணமலை திருக்கடலூரிலிருந்து ஒரு தாயும் மகனும், வேலைக்கு அனுப்புகிற சீவி (சுயவிபரக்கோவை) எழுத உதவி கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். பெடியனுக்கு 22 வயது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் எஸ், அதாவது சாதாரண சித்தி. "பதினொரு இடத்துக்கு சீவி போட்டாச்சு சேர், ஒருத்தரும் கூப்பிடயில்ல. நீங்க ஒண்டு வடிவா அடிச்சுத் தாங்க" என்றார் தாய். கொழும்பிலிருக்கும் சித்தப்பாவோ, டிகிரி இல்லாத சீவியை ஆர் பார்க்கிறான் என்று சொல்லி, தனியார் நிறுவனம் ஒன்றின் முகாமைத்துவப் பட்டத்துக்குக் கணக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் அறை வாடகையோடு மூன்று வருடத்துக்கு 25 லட்சம். காணி உறுதியை ஈடு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு.

யோசிக்காதீங்க, எல்லாம் சரிவரும் என்று தொடங்கினேன். சீவியைக் கையில் வாங்கியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கொமினிகேஷன் கடையில் அடித்த இரண்டு பக்கம். சுற்றிவரப் பூ போர்டர். அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பனின் தொழில், கிராம சேவகர் பிரிவு, பொழுதுபோக்குக்குக் கிரிக்கெட், கடைசியில் 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன்'. முன்னுக்கு, சவாலான பதவியொன்றில் என் திறமையை வெளிக்காட்ட விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம். அதே வசனத்தை அதே கடையில் அடித்த வேறு பிள்ளைகளின் சீவியிலும் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று இரண்டு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

பெடியனின் நகத்திடுக்கில் கிரீஸ் இருந்தது. என்ன தம்பி என்று கேட்டேன். தாய்தான் பதில் சொன்னார்: "அது சும்மா சேர், மாமாவோட கரையில நிண்டு வள்ளத்து இஞ்சின் பார்க்கிறவன்." எத்தனை வருசமாக? நாலு.

அக்கா, அந்தச் 'சும்மா'வைத்தான் சீவியில் எழுத வேண்டும். 25 லட்சம் கொட்டினால் மூன்று வருடம் கழித்து அந்தத் தாளில் ஒரு வரி கூடும். அதே வரியோடு வேறு பிள்ளைகளும் கொழும்பில் வரிசையில் நிற்பார்கள். கடனின் வட்டி மட்டும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். பெடியனிடம் தனியாகக் கேட்டேன், முகாமைத்துவம் விருப்பமா என்று. தலையைக் குனிந்துகொண்டான். இஞ்சினைப் பற்றிக் கேட்டபோது பேச்சை நிறுத்த முடியவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணுவது ஏன், பிளக்கில் கரி ஏன் பிடிக்கிறது, உப்புக் கட்டித் தண்ணீர்ப் பாதை அடைபட்டால் எந்தச் சத்தம் வரும் என்று அரை மணித்தியாலம். காணி உறுதியை உள்ளே வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வங்கி, ஆசிரியர், அரச எழுதுவினைஞர் என்கிற வழிகளைச் சொந்தக்காரர் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அவற்றை விடுகிறேன். ஒருத்தரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது: முன்கற்றல் அங்கீகாரம். ஆர்.பி.எல். என்பார்கள். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமையில் மொத்தம் 7 மட்டங்கள். முதல் நான்கு சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். வகுப்பில் இருந்து படிக்காமல், வேலை செய்து பழகியவர்களுக்கும் அந்தச் சான்றிதழைப் பெற வழி உண்டு. விண்ணப்பித்தால், செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள்: படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம், திகதிகள். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். எந்த மட்டம் என்பதைக் கைதான் தீர்மானிக்கும். மட்டம் 4 கிடைத்தால், ஒருவர் கண்காணிக்காமலே தனியாக வேலை செய்யக்கூடியவர் என்று பொருள். அங்கிருந்து மேலே டிப்ளோமாவுக்கும் ஏறலாம், பட்டம் வேண்டுமென்றால் பிறகு பார்ப்போம். தொழில் பயிலுனர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அரச நிறுவனமான நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையிலேயே நிலையம் இருக்கிறது, இஞ்சின்காரனுக்குப் பொருத்தமான பயிற்சி என்ன இருக்கிறதென்று அங்கேயும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

இனி சீவி. ஒரு பக்கம், ஆங்கிலத்தில். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தம்பி வாயால் விளக்கத் தெரிய வேண்டும். மேலே பெயர், அடித்தால் எடுக்கிற தொலைபேசி இலக்கம், விளையாட்டுப் பெயரில்லாத மின்னஞ்சல். அடையாள அட்டை இலக்கமும் சமயமும் வேண்டாம், கூப்பிட்ட பிறகு கேட்டால் கொடுக்கலாம். அடுத்ததாக உடனே வேலை: எந்த வருடம் முதல், எந்தக் கரையில், 15 குதிரைவலுவா 40ஆ, கிழமைக்கு எத்தனை இஞ்சின், தனியாகச் செய்தது எது, மாமாவோடு சேர்ந்து செய்தது எது. 'இயந்திர அறிவு உண்டு' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. 'தண்ணிப் பம்ப் இம்பெல்லர் மாற்றுவது, கார்புரேட்டர் கழட்டிக் கழுவுவது, கியர் ஒயில் மாற்றுவது' என்று எழுதினால் பட்டறைக்காரனுக்கு ஆள் தெரியும். 2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது கரையில் கிடந்த இஞ்சின்களைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டானாம். அதுவும் ஒரு வரி. உயர்தரப் பெறுபேறு கீழே, ஒரே வரியில், மறைக்காமல்.

தம்பியைப் பற்றி விசாரிக்கச் சீவியில் பெயர் போடுகிற இருவரில் பழைய அதிபர் ஒருவர் இருக்கட்டும். மற்றவர் இவன் இஞ்சின் பார்த்த வள்ளத்தின் சொந்தக்காரராக இருந்தால், கொம்பனிக்காரன் கோல் எடுக்கும்போது சொல்வதற்கு அவரிடம் விசயம் இருக்கும். இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பதினொரு இடத்துக்கும் ஒரே தாளை அனுப்பியதும் பிழை. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்களுக்குக் கடல் அமைதியாகும் ஏப்ரலில் சீசன் சூடுபிடிக்கும். அவர்களுக்குத் தை, மாசியிலேயே போக வேண்டும், படகு இஞ்சின் முன்னுக்கு வரட்டும். சீனன்குடாவிலுள்ள மாவாலைக்கும் சீமெந்து ஆலைக்கும் அனுப்பும்போது பராமரிப்புப் பழக்கம் முன்னுக்கு வரட்டும். பூ போர்டர் எதற்கும் வேண்டாம்.

எழும்பிப் போகும்போது பெடியன் ஒன்று சொன்னான்: எந்த வள்ளம், என்ன பழுது, எவ்வளவு கூலி என்று மாமா ஒரு கொப்பியில் எழுதி வைப்பாராம், எண்ணெய் ஊறிய கொப்பி. வியாழக்கிழமை வரும்போது அதை அப்படியே கொண்டு வாருங்கள் அக்கா, துடைக்க வேண்டாம். திகதிகளை அதிலிருந்துதான் எடுக்கப்போகிறேன்.