அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்தால் குற்றமா?

1967 ஜூன் 12 வரை, 16 மாநிலங்களில் குற்றம்தான். வெள்ளையர் வேறு இனத்தவரை மணக்கக் கூடாது என்பதே இந்தக் கலப்புமணத் தடை.

1958-ல் வெள்ளையரான ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினப் பெண் மில்ட்ரெடும், தடை இல்லாத தலைநகர் வாஷிங்டனில் மணந்து, தடை இருந்த தங்கள் மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். சில வாரங்களில், நள்ளிரவில், படுக்கையறைக்குள்ளேயே போலீஸ் நுழைந்தது. ஓராண்டு சிறை, தப்ப வேண்டுமானால் 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அந்த மாநிலத்துக்கு வரக்கூடாது. சொந்த ஊருக்கே! நினைத்தாலே மனம் கனக்கிறது.

பக்கத்து ஊரில் வாங்கிய ஓட்டுநர் உரிமம், பாலம் தாண்டியதும் குற்றச் சான்றானால் எப்படி இருக்கும்? அவர்களின் திருமணச் சான்றிதழும் அப்படித்தான் ஆனது.

இந்தத் தடைக்குக் காரணம், வெள்ளையர் மேலாதிக்கத்தைக் காப்பது. வெள்ளையரல்லாதவர்கள் தங்களுக்குள் இனம் மாறி மணந்தால் வர்ஜீனியா தடுக்கவில்லை.

1964 சிவில் உரிமைச் சட்டம் இந்தத் தடையை நீக்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். நீக்கியது லவ்விங் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1967 தீர்ப்பு.