பலகாரத் தட்டும் மாத்திரை டப்பாவும்

தீபாவளியில் தொடங்கினால் கார்த்திகை தீபம், வைகுண்ட ஏகாதசி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், ஆற்றுத் திருவிழா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கம் தைப்பூசம் வரை விசேஷம் ஓயாது. அடைமழையும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். அதையொட்டி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: என் கணவருக்கு 61 வயது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். போன தீபாவளிக்குக் காலையில் அதிரசமும் சுழியமும் சாப்பிட்டதால், சரிக்கட்டுவதாகச் சொல்லி மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். நாலு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. இனிப்பு சாப்பிட்ட அன்றைக்கே சர்க்கரை குறையுமா?

குறையும் அம்மா. பண்டிகை நாளில் அடிக்கடி நடப்பதே இதுதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. ஒரு முறை போட்டால் அதன் வேலை நாள் முழுக்க நீளும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. காலையில் சாப்பிட்ட இனிப்பால் ஏறிய சர்க்கரை மதியத்துக்குள் இறங்கியிருக்கும். அப்புறம் வயிறு காலி, மாத்திரையின் வேலை மட்டும் பாக்கி. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால் சீட்டில் எந்த மாத்திரை எழுதியிருக்கிறது என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த மாதிரி நடுக்கம் வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையையோ 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பக்கத்தில் தட்டு நிறைய இனிப்பு இருக்கிறதே என்று அதிரசத்தை எடுத்து ஊட்டாதீர்கள். அதிலுள்ள எண்ணெயும் மாவும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. ஏறியதும் 2 இட்லியோ கொஞ்சம் தயிர்சாதமோ சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையில் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது என்பதை அவருடைய டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இனிப்பே கூடாது என்று நல்ல நாளில் அவரைத் தனியாக உட்கார வைக்க வேண்டாம். ஒரு அதிரசம் தின்றால் அந்த வேளை 4 இட்லியை 2 ஆக்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், டிபனோடு சேர்த்துச் சாப்பிடட்டும். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போகும் வேலையை அவரிடமே கொடுங்கள். அந்தக் கால் மணி நேர நடை நன்றாகவே பலன் தரும். “வெல்லம்தானே, ஒன்றும் செய்யாது” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான்.

நெல்லிக்குப்பம் வாசகி: பலகாரம் சுட்ட எண்ணெய் ஒன்றரை லிட்டர் மிஞ்சுகிறது. கொட்ட மனசு வரவில்லை. பொங்கல் வரை வைத்து வடை சுடலாமா?

வேண்டாம். மிஞ்சிய பிறகு யோசிப்பதைவிட, மிஞ்சாதபடி சுடுவது சுலபம். அகலமான பெரிய வாணலியை விட்டுவிட்டு, குழிவான சின்ன வாணலியில் அரை லிட்டர் ஊற்றி நாலு நாலாகச் சுடுங்கள். எந்த வரிசையில் சுடுகிறோம் என்பதும் முக்கியம். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா முதலில், அதிரசம் கடைசியில். அதிரசத்திலிருந்து உதிரும் வெல்ல மாவு வாணலியின் அடியில் கருகும். முதலில் அதைச் சுட்டால் அந்தக் கருகல் அடுத்து வரும் ஒவ்வொரு ஈட்டிலும் ஒட்டும், எண்ணெயும் சீக்கிரம் கெடும்.

சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள். அடிக்குப் போய், இரண்டு எண்ணுவதற்குள் மேலே வந்தால் முறுக்குக்குச் சரி. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. அதில் சுடும் பலகாரம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நமுத்துக் கிடக்கும். போட்டதும் சிவந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும். அதிரசத்துக்கு எப்போதும் சிறு தீதான். உப்பி மேலே வந்ததும் திருப்பிவிட்டு, எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவே நன்றாக அழுத்துங்கள். எவ்வளவு எண்ணெய் வடிகிறது என்று கண்ணால் பார்த்தால் இந்த ஒரு வேலையை யாரும் தவிர்க்க மாட்டார்கள். பாகு இளம்பதமாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், ஏராளமாக எண்ணெய் குடிக்கும். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு பாகை விட்டால் அது கரையாமல் திரள வேண்டும், எடுத்து உருட்டினால் மெத்தென்று உருண்டையாக நிற்க வேண்டும்.

அப்படியும் மீந்த எண்ணெயை ஆறியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்கும் குழம்புக்கும் தீர்த்துவிட வேண்டும். திரும்பப் பொரிக்கவோ புது எண்ணெயோடு கலக்கவோ கூடாது. கெட்ட எண்ணெய் கலந்தால் புதியதும் வேகமாகக் கெடும். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஆனால் அடங்காத நுரை, விரலில் பிசுபிசுப்பு, காயும் முன்பே புகை, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது. சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் கெட்டியாகி அடைக்கும். பழைய துணியிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

பண்ருட்டி வாசகர்: தீபாவளி லேகியத்துக்குச் சரியான அளவு சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கட்டி தட்டுகிறது, இன்னொரு வருஷம் கசக்கிறது.

சுக்கு 20 கிராம், மல்லி விதை 20, மிளகு, ஓமம், சீரகம் மூன்றும் தலா 10, அரிசித் திப்பிலி 5. வெல்லம் 150 கிராம், நல்லெண்ணெய் 50 மில்லி, நெய் 50 மில்லி, தேன் 2 மேசைக்கரண்டி.

கசப்புக்குக் காரணம் வறுப்பு. சரக்குகளை வாசனை வரும்வரை வெதுப்பினால் போதும், ஓமம் கருத்தால் லேகியம் முழுக்கக் கசக்கும். சுக்கைத் தட்டி, எல்லாவற்றையும் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். பொடியை நேரே கொதிக்கும் பாகில் கொட்டுவதால்தான் கட்டி தட்டுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விழுதாக்கிவிடுங்கள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, கொதி வந்ததும் விழுதைச் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். கெட்டியாகும்போது எண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து, தொட்டால் கையில் ஒட்டாத நேரத்தில் இறக்கி, நன்றாக ஆறியபின் தேன். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பெரியவர்களுக்குச் சின்ன நெல்லிக்காய் அளவு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் நாக்கில்கூடத் தடவக் கூடாது. வயிற்றுப் புண் இருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இதையும் இனிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேவனாம்பட்டினம் வாசகர்: மழையில் கரண்ட் போய்விடுகிறது. மதியம் செய்த பிரியாணியை ராத்திரி சுடவைத்துச் சாப்பிட்டால் என்ன?

சோற்றில் வளரும் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சை விடும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சுடவைத்தாலும் அழியாது. “நல்லா கொதிக்க வெச்சேனே” என்று சொல்பவர்களுக்கும் வாந்தி வருவது இதனால்தான். பிரியாணி தம் போட்ட அண்டாவிலேயே மூடிக் கிடந்தால் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது. சாப்பாடு முடிந்த கையோடு அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் கறி, மீன், பால், தேங்காய்ச் சட்னி, சமைத்த சோறு எல்லாம் குப்பைக்குத்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத் தாக்கியவை. இரண்டும் விசேஷ மாதங்களில்தான். மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கைப்பிடி அளவில் போடாதீர்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: டிசம்பர் 31 ராத்திரி நண்பர்களோடு குடித்துவிட்டு, மறுநாள் தலைவலிக்கு மாத்திரை போடலாமா?

இபுபுரோஃபென் வகை வலி மாத்திரை வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். நிறையக் குடித்த உடம்பில் பாராசிட்டமால் ஈரலுக்குச் சுமை. தண்ணீரும் தூக்கமும்தான் மருந்து. காபி போதையை இறக்காது, அதை நம்பி வண்டியை எடுக்க வேண்டாம். எழுப்பினாலும் எழாத நண்பரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள், தூங்கட்டும் என்று தனியாக விடாதீர்கள். கடலில் யாரும் இறங்கக் கூடாது.

வில்லியனூர் வாசகி: அம்மாவுக்கு 67 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவந்திபுரம் போவார், அன்று பட்டினி. மாத்திரைகளை என்ன செய்வது?

ஒரு வாரம் முன்னதாக எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிறுநீர் பிரியும் மாத்திரை சேர்ந்திருந்தால் தண்ணீரும் குடிக்காத விரதத்தில் தலை சுற்றும். டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரை இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்: பட்டினியோடு அதைப் போட்டால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு, இன்சுலின் இருந்தால் முழுப்பட்டினி வேண்டவே வேண்டாம். பாலும் பழமும் வேளை தவறாமல் எடுக்கட்டும். விட்ட மாத்திரையைச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தேவநாதரைச் சேவித்த கையோடு எதிரே மலைமேல் ஹயக்ரீவர் சன்னதிக்கும் ஏற ஆசைப்படுவார். கீழே உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்து, அரை மணி நேரம் போனபின் கையைப் பிடித்து மெல்ல ஏற்றிச் செல்லுங்கள்.