இரண்டு மாத மழைக்குப் பிறகு வெயில்: வெளியே போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. குன்னூரில் இருக்கிறேன். ஐப்பசியில் பிடித்த மழையும் மூடுபனியும் மார்கழி வரை விடவே இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து கைகால் பிடித்துக்கொண்டன. மனசும் சோர்ந்துவிட்டது, எந்நேரமும் தூக்கம். இப்போது சில நாளாக நல்ல வெயில். நாள் முழுக்க வெளியிலேயே இருக்கலாம் போலிருக்கிறது. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அப்புறம் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். "குளிர்காற்று பட்டால் சளி பிடிக்கும், உள்ளேயே இரும்மா" என்று மகள் திட்டுகிறாள். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: போங்கள் அம்மா, தாராளமாகப் போங்கள். குன்னூரில் மழை விட்டு வெயில் அடிக்கும் தை மாதப் பகலை வீட்டுக்குள் கழிக்கச் சொல்ல எனக்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை. எப்போது போவது, எப்படிப் போவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் உங்கள் மகளுக்கு. சளியைத் தருவது வைரஸ். அது ஜன்னல் சாத்திய அறையில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் சுலபமாகப் பரவும். வெயில் அடிக்கும் திறந்தவெளியில் அந்த ஆபத்து குறைவு. ஆஸ்துமா இருந்தால் மட்டும் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும். அப்படி இருப்பவர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு போகலாம்.

உங்கள் சோர்வையும் தூக்கத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரியாக ஓட வைப்பது பகல் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நல்ல வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வாரக்கணக்கில் இருட்டறையில் இருந்தால் பகலில் தூக்கம் வருவதும், இரவில் தூக்கம் கலைவதும், எதிலும் பிடிப்பு இல்லாமல் போவதும் நடக்கக்கூடியவைதான். ஆகவே சும்மா திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்வதை வேலையற்ற வேலை என்று நினைக்காதீர்கள். அதுவும் வைத்தியம்தான். இரண்டு வாரம் இப்படி இருந்தும் மனம் தெளியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயா, தைராய்டு குறைவா என்று பார்த்துவிட வேண்டும்.

சரி, எப்போது போவது? விடிகாலை ஆறு மணி நடை உங்களுக்கு வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். மாரடைப்பும் காலை நேரத்தில்தான் அதிகம் வருகிறது. படிக்கட்டில் பாசியும் ஈரமும் அப்படியே இருக்கும். உங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தெருவில் காட்டெருமை நிற்பதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஒன்பது மணிக்கு மேல், டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

இரண்டு மாதம் அசையாத தசை முதல் நாளே சிம்ஸ் பூங்காவைச் சுற்றிவரத் தாங்காது. அந்தப் பூங்கா சரிவில் இருக்கிறது. இறங்கும்போது முட்டிக்குச் சுமை, களைத்த பிறகு ஏற வேண்டியது வேறு. முதல் வாரம் சமதளமான இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு நாலைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மதியம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறையும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, வழக்கமில்லாமல் மூச்சு வாங்கி வியர்த்தாலோ நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம்.

குளிர்ச்சியாக இருப்பதால் மலை வெயில் சுடாது என்று நினைத்துவிடாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நீங்கள் இருப்பது சுமார் 1,850 மீட்டரில். அதோடு, ஹைட்ரோகுளோரோதயசைடு தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் மருந்து. வைட்டமின் டி-க்காக உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், முழங்கை வரை வெயில் படும்படி இருபது முப்பது நிமிடம் உட்காருங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்தப் பலன் இல்லை. அதற்கு மேல் வெளியே இருக்க ஆசைப்பட்டால் தொப்பியோ குடையோ, முழுக்கைச் சட்டையோ ஸ்வெட்டரோ வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தோல் சிவந்து எரிந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். குளிரில் தாகம் தெரியாது. அந்த மாத்திரை நீரையும் இறக்கும். அதனால் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேண்டாம். ரத்தத்தில் அளவு பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

செருப்பில்லாமல் புல்லில் நடக்காதீர்கள். பாத உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. மூடிய ஷூவும் காட்டன் சாக்ஸும் போடுங்கள், திரும்பி வந்ததும் விரலிடுக்கைப் பாருங்கள். புதர் ஓரமாகவோ உயரமான புல்லிலோ உட்காரவும் வேண்டாம். மழை முடிந்த குளிர் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் வருவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது அது. ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் எல்லாம் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கருப்புப் புண் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புண் இல்லாவிட்டாலும், புல்லில் உட்கார்ந்ததைச் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.